காப்பிக்குப் போனார்கள், தேயிலைக்குத் திரும்பினார்கள்

நீலகிரியில் நண்பர்கள் கூடினால் "காப்பியா, டீயா?" சண்டை வராமல் இருக்காது. வரலாற்றைக் கேட்டால் காப்பிதான் சீனியர். இங்கே தேயிலைத் தோட்டங்கள் வணிகமாகத் தலையெடுத்தது 1860களை ஒட்டித்தான். காப்பி அதற்கு முன்பே வந்துவிட்டது.

இலங்கையிலும் அதே கதைதான். தமிழ்நாட்டுக் கிராமத்து ஜனங்கள் மன்னாருக்குப் படகேறி, அங்கிருந்து காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்தது காப்பித் தோட்டங்களுக்காக. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869-ல் இலைத்துரு நோய் தாக்கி, காப்பி அழிந்தது. அதே மலைகளில் தேயிலை ஏறியது.

பல தலைமுறை உழைத்தவர்களை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை நட ஆரம்பித்தது. 1976-ல் அது 'டான்டீ' நிறுவனமானது.

குன்னூர் நண்பர் ஒருவரின் தாத்தா அப்படி வந்தவர். "எங்க வீட்ல காப்பியா டீயான்னு யாரும் கேட்டதில்ல. எந்த ஊர் டீ ஒசத்திங்கறதுதான் சண்டை" என்பார். தாத்தாவுக்குக் கடைசிவரை ஹட்டன் டீதான் டீ.