தொழிலறிவும் தொழிலகமும்

மோட்டார் சைக்கிளின் பெருமை அதன் விரைவே என்று எண்ணுவோர் பலர். 'டிரையல்ஸ்' என்னும் போட்டியில் விரைவு இரண்டாம் நிலையதே. பாறையும் சேறும் ஓடையும் நிறைந்த வழியில், கால் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்துதல் வேண்டும். கால் ஊன்றினால் தண்டப் புள்ளி; மிகக் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

இப்போட்டியில் நெடுங்காலம் கோலோச்சியவை பிரிட்டனின் கனத்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். 1933இல் பெல்பாஸ்டில் பிறந்த சாமி மில்லர், தம் 500 சிசி ஏரியல் வண்டியைத் தாமே செப்பனிட்டு, எடையைக் குறைத்து, 1962லும் 1964லும் ஸ்காட்லாந்தின் ஆறுநாள் போட்டியில் வாகை சூடினார். ஆயினும் ஏரியல் நிறுவனம் அவ்வகை வண்டிகளின் உற்பத்தியை முன்னரே கைவிட்டிருந்தது. அவருடைய பட்டறிவைப் பயன்கொள்ளத் தாயகத் தொழிலகம் இல்லை.

பயன்கொண்டது ஸ்பெயின். பிரான்சிஸ்கோ புல்தோ 1958இல் நிறுவிய புல்டாகோ தொழிலகத்தில், மில்லர் ஓட்டிப் பார்த்துக் குறைகண்டு திருத்த, 250 சிசி இரண்டு ஸ்ட்ரோக் 'ஷெர்பா டி' உருவாயிற்று. எடை குறைவு, மெதுவாகச் செல்லும்போதும் திணறாத இயந்திரம். 1965இல் அவ்வண்டியிலேயே அவர் ஸ்காட்லாந்தில் மீண்டும் வென்றார். 1975 முதல் 1979 வரை உலக வாகையர் பட்டம் ஐந்தும் புல்டாகோ ஓட்டியவர்களுக்கே கிட்டின.

அப்புல்டாகோவும் 1983இல் மூடப்பட்டது. தொழிலறிவு எந்த நாட்டுக்கும் நிலையான உடைமையன்று. அதனை மதித்து இடமளிக்கும் பட்டறையில் அது தங்கும். அப்பட்டறை மூடினால் வேறிடம் தேடும். மாணவர் இவ்வரலாற்றில் கற்க வேண்டிய பாடம் இதுவே.