நிலநீர், ஆற்றுநீர்க் கணினி மாதிரிகள்: பெரம்பலூர், அரியலூர் நோக்கில்

நிலத்தடி நீருக்கும் ஆறு, ஏரி, வாய்க்கால் நீருக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்கள் 1980-களில் பரவலாயின. இன்று நீர்வளத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் சுரங்க நிறுவனங்களும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. பெய்யும் மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், ஒரு கிணற்றில் இறைத்தால் பக்கத்துக் கிணற்றில் மட்டம் எவ்வளவு குறையும், ஆறு நிலத்துக்கு நீர் தருகிறதா, நிலத்திடமிருந்து பெறுகிறதா என்பவை போன்ற கேள்விகளுக்கு இவை எண்களில் விடை சொல்லும். மென்பொருளில் பிற்காலத்தில் சேர்ந்த வசதிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. ஆனால் அவை ஏன் தேவைப்பட்டன என்பதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை வைத்து விளக்குவது எளிது. பழைய மென்பொருள் தடுமாறும் நிலைமைகளில் பலவும் இங்கே அருகருகே இருக்கின்றன.

திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995-இல் பெரம்பலூரும், பெரம்பலூரிலிருந்து 2007-இல் இறுதியாக அரியலூரும் பிரிந்தன. மாவட்ட எல்லை புதிது. பாறைகளின் எல்லை மிகப் பழையது. மேற்கே பச்சைமலை அடிவாரம் தொடங்கிப் பெரம்பலூர் நகர் வரை நைஸ், சார்னோக்கைட் என்னும் கடினப் பாறைகள். இங்கே தண்ணீர் நிற்பது மேலேயுள்ள சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்தக் காடுகளில் கிணறு கோடையில் வற்றி, ஐப்பசி மழையில் மறுபடி ஊறும். கிழக்கே போனால் கிரிட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல், களிமண், மணற்கல் அடுக்குகள். எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றை விரிவாக விவரித்தார். இவற்றுக்கான ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பாறைத் தொகுதிப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. அரியலூரின் சிமென்ட் ஆலைகள் இந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பி வந்தவை. இன்னும் கிழக்கே, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் காடுகளுக்கு அடியில் கடலூர் மணற்கல். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், குறுக்கே பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் சேரும் மருதையாறு.

கணக்கின் அடிப்படை 1856-இல் பிரான்சின் டிஜோன் நகரில் கிடைத்தது. மணல் வழியே நீர் கசியும் வேகத்துக்கான விதியை அங்கே ஆன்றி டார்சி கண்டறிந்தார். கிணற்றில் இறைக்கும்போது சுற்றிலும் நீர்மட்டம் காலப்போக்கில் எப்படித் தாழும் என்பதற்கு 1935-இல் சார்லஸ் தைஸ் சமன்பாடு தந்தார். கணினி எளிதில் கிடைக்காத 1950, 60-களில் நிலத்தடி நீரோட்டத்தை மின்தடையங்களை வலைபோலக் கோத்து மின்னோட்டத்தால் உருவகித்தார்கள். மழை, மண், ஆறு, நிலநீர் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொண்டுவருவதற்கான வரைபடத்தை ஃப்ரீஸும் ஹார்லனும் 1969-இல் வெளியிட்டனர். அதையொட்டி டென்மார்க், பிரிட்டன், பிரான்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ‘ஷீ’ மாதிரி நர்மதையின் துணைப்படுகைகளில் பொருத்திப் பார்க்கப்பட்டது. ரூர்க்கியின் தேசிய நீரியல் நிறுவனம் அதில் பங்கேற்றது. ஆனால் அந்த வகை மாதிரி கேட்கும் தரவு ஏராளம். அதனாலேயே அது எல்லோர் கைக்கும் வரவில்லை.

எல்லோர் கைக்கும் வந்தது மாட்ஃப்ளோ. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் மைக்கேல் மெக்டொனால்டும் ஆர்லன் ஹார்பாவும் எழுதிய இதன் முதல் வடிவம் 1984-இலும், பரவலாக அறியப்பட்ட பதிப்பு 1988-இலும் வெளிவந்தன. நிலத்தைக் கட்டம் கட்டமாக, அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நீர்வரவு செலவு போடுவது இதன் முறை. இலவசம் என்பதும், ஆறு, கிணறு, மழை ஆகியவற்றைத் தனித்தனித் தொகுப்புகளாக மாட்டிக் கழற்றலாம் என்பதும் இதை உலகெங்கும் கொண்டுசென்றன. தமிழ்நாட்டில் இத்தகைய மாதிரியாக்கத்தை முன்னெடுத்த இடங்களில் அண்ணா பல்கலைக்கழகம் ஒன்று. கீழ்ப் பாலாற்றுப் படுகைக்குச் செந்தில்குமாரும் இளங்கோவும் உருவாக்கிய முப்பரிமாண மாதிரி 2004-இல் வெளியானது.

முதல் மாட்ஃப்ளோவில் ஆறு ஒரு வற்றாத தொட்டி. ஆற்றின் நீர்மட்டத்தை நாம் எழுதிக் கொடுத்துவிட்டால், ஆற்றில் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்காமலே மென்பொருள் நிலத்துக்குள் நீரை இறக்கிக்கொண்டிருக்கும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகளுக்கு இது பெரிய பிழையாகாது. கொள்ளிடத்துக்கு ஆகும். காவிரியின் உபரியைச் சுமக்கும் ஆறு அது. வெள்ளக் காலத்தில் இரு கரையும் தொட்டு ஓடும், பல மாதம் மணலாகக் கிடக்கும். குடிநீர்த் திட்டங்களின் கிணறுகள் அந்த மணலில்தான் இறங்கியிருக்கின்றன. ஓட்டத்தைக் கணக்கு வைத்து, நீர் தீர்ந்தால் கசிவையும் நிறுத்தும் தொகுப்பு 1989-இல் வந்தது. அதன் செம்மையான வடிவம் 2004-இல். ஏரியின் மட்டத்தை மென்பொருளே கணக்கிடும் தொகுப்பு 2000-இல் மேம்பட்டது. புள்ளம்பாடி வாய்க்கால் நீர் நிரப்பும் கரைவெட்டி ஏரிக்கும், மழைநீர் தேங்கும் கைவிடப்பட்ட சுண்ணாம்புக் குழிகளுக்கும் ஒரே கருவி பொருந்தும் என்பது இதன் சிறப்பு. 2008-இல் வந்த ஜிஎஸ்ஃப்ளோ, மழைநீர் வடிந்தோடுவதைக் கணக்கிடும் பழைய மென்பொருள் ஒன்றை மாட்ஃப்ளோவுடன் இணைத்தது.

என் கணிப்பில் கடினப் பாறைப் பகுதிக்கு மிகப் பெரிய உதவி செய்தது, விளம்பரம் குறைந்த ஒரு கணித மாற்றம். பழைய பதிப்புகளில் ஒரு கட்டம் வற்றினால் அது கணக்கிலிருந்தே விலகிவிடும். மழை வந்தாலும் அதை நனைத்து எழுப்புவது பெரும்பாடு. பெரம்பலூர் போல மெல்லிய சிதைவுப் பாறை உள்ள இடத்தில், கோடையில் பாதி மாதிரியே காணாமல் போகக்கூடும். நியூட்டன் முறையைக் கையாண்ட 2011-ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்தது. 2013-இல் சோரப் பாண்டேயும் உடன் பணியாற்றியோரும் கட்டங்கள் செவ்வகமாக இருக்கவேண்டிய கட்டாயத்தையும் நீக்கினர். ஆற்றோரத்தில் நெருக்கமாகவும் வெற்றுக் காட்டில் அகலமாகவும் கட்டம் போடலாம். சுண்ணாம்புக்கல் அடுக்கு தேய்ந்து முடியும் இடத்தில் கட்டத்தையும் முடித்துவிடலாம்.

இவற்றைத் திரட்டி 2017-இல் வெளியானது மாட்ஃப்ளோ 6. பல மாதிரிகளை ஒரே ஓட்டத்தில் பிணைக்கும் வசதியோடு, ‘நீர் நகர்த்தி’ என்று சொல்லத்தக்க ஒரு தொகுப்பும் இதில் உண்டு. சுரங்கத்தில் இறைத்த நீரை வாய்க்காலில் விட்டு, வாய்க்காலிலிருந்து ஏரிக்குக் கொண்டுபோனால், அங்கிருந்து எவ்வளவு மீண்டும் நிலத்தில் இறங்கும் என்பதைத் தொடர்ந்து கணக்கிடலாம். சிமென்ட் சுரங்கங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓயாமல் எழும் கேள்வியும் இதுதான். கரைந்த உப்பு, மாசு ஆகியவற்றின் பயணம் பின்னர் சேர்ந்தது. வெப்பமும் துகள் தடமும் 2024-இல் சேர்ந்தன. வாய்க்கால் ஓட்டத்தையும் நிலத்தின்மேல் பரவும் நீரையும் மாட்ஃப்ளோவுக்குள்ளேயே தீர்க்கும் பகுதிகள் இப்போது உருவாகி வருகின்றன. ஃப்ளோபை என்ற பைத்தான் நூலகம் வந்த பிறகு, மாதிரி கட்டும் வேலையை நிரலாக எழுதி வைத்து யார் வேண்டுமானாலும் மறுபடி ஓட்டிச் சரிபார்க்க முடிகிறது.

தரவின் பக்கம் வளர்ச்சி இவ்வளவு வேகமில்லை. தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டத்துக்கு முன்னோடியாக ஆய்வுகள் நடந்த இடங்களில், கடலூர் மாவட்டத்தின் கீழ் வெள்ளாற்றுப் பகுதியும் ஒன்று. ஹெலிகாப்டரில் தொங்கவிட்ட மின்காந்தக் கருவியால் அங்கே நிலத்தடி அடுக்குகள் அளக்கப்பட்டன. உலக வங்கி உதவியுடன் 2016-இல் தொடங்கிய தேசிய நீரியல் திட்டம் தானியங்கி மட்ட அளவிகளைக் கொண்டுவந்தது. தரமணியிலுள்ள மாநில நிலநீர், மேற்பரப்பு நீர்வள விவர மையம் நிலநீர் இருப்பைப் பிர்க்கா வாரியாக மதிப்பிடுகிறது.

மாதிரிக்குத் தேவையான எண்களில் மிகப் பெரியது இறைப்பின் அளவு. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984 முதலும் எல்லா விவசாயிகளுக்கும் 1990 முதலும் பம்புசெட் மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லை. ஆகவே இறைத்த நீரைப் பயிர்ப் பரப்பையும் கிணற்று எண்ணிக்கையையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இவ்விரு மாவட்டங்களுக்கும் அடுத்த மென்பொருள் பதிப்பைவிட இறைப்புக் கணக்கே அவசரத் தேவை.