தூக்கி விட்ட ஜீப்பும் ஜவ்வாது மலைக் கல்லும்

போளூர்ல இருந்து மலையேறி, ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு மண்பாதை. நண்பனோட பழைய ஜீப். சமீபத்துலதான் ஸ்பிரிங்கை மாத்தி நாலு அங்குலம் தூக்கியிருந்தான். "இனி எந்தக் கல்லும் தொடாது மச்சி"ன்னு சொல்லி வாய் மூடல, அடியில 'டங்'! குனிஞ்சு பார்த்தா, பின் அச்சு நடுவுல உருண்டையா இருக்குமே டிஃபரன்ஷியல், அது ஒரு கல்லு மேல ஹாயா உக்காந்திருக்கு.

நாலு அங்குலம் தூக்கியும் ஏன் இடிச்சது? பொட்டி தட்டுற மூளை சும்மா இருக்குமா, வீட்டுக்கு வந்து கிளற ஆரம்பிச்சேன்.

1804ல லண்டன்காரர் ஒபதயா எலியட், குதிரை வண்டிக்கு வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புப் பட்டைகளை அடுக்கி பேடண்ட் வாங்கினார். 1941ல அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் செஞ்ச எம்.பி. ஜீப்புலயும் அதே பட்டைக் கட்டுதான். அதிர்ச்சியத் தாங்குறதோட அச்சை நகராம பிடிச்சு வைக்கிற வேலையையும் அதுவே பார்த்துக்கும். உடைஞ்சா சின்னப் பட்டறையிலயே சரி பண்ணிடலாம். 1945ல 'மஹிந்திரா அண்ட் முகம்மது'ன்னு ஆரம்பிச்ச கம்பெனிதான் அந்த ஜீப்பை இங்க கொண்டு வந்தது. (அந்த முகம்மது பாகிஸ்தானோட முதல் நிதியமைச்சர் ஆயிட்டார். 1948ல கம்பெனி பேரு 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆச்சு!)

நம்ம ஊர்ல பட்டை சேர்த்தது சாகசத்துக்கு இல்லீங்க, சுமைக்கு. மூட்டை ஏத்தினா பின்னாடி படுக்கக் கூடாது, அவ்ளோதான். வண்டியத் தூக்கணும்ங்கிற ஆசை பிறகு வந்தது. அதுக்கு மூணு வழி. பட்டையோட வளைவைக் கூட்டலாம். பட்டை முனையில தொங்குற ஷேக்கிளை நீளமாக்கலாம். ரெண்டு அங்குலம் நீட்டினா ஒரு அங்குலம்தான் ஏறும். இல்லேன்னா, அந்தக் கால ஜீப்புல அச்சுக்கு அடியில இருக்கிற பட்டைக் கட்டை அச்சு மேல மாத்திடலாம். அஞ்சாறு அங்குலம் ஜம்முனு ஏறும்.

மேட்டர் இங்கதான். இந்த மூணும் தூக்குறது பாடியை மட்டும். அச்சு இருந்த இடத்துலயேதான் இருக்கும். அதை உயர்த்துறது டயர் ஒண்ணுதான், அதுவும் கூடின விட்டத்துல பாதி. ஸ்பிரிங் தூக்குறதுல லாபமே இல்லையான்னா, இருக்கு. மேடேறும்போது மூக்கும் வயிறும் தட்டாது, பெரிய டயர் போட இடம் கிடைக்கும். ஆனா புவியீர்ப்பு மையமும் கூடவே ஏறும். ஒருபக்கம் சரிஞ்ச மலைப்பாதையில கவுறதுக்கு அது போதும். 1941 ஜீப்போட தரை இடைவெளி சுமார் 222 மி.மீ., 2020 தாருக்கு 226. எண்பது வருஷத்துல நாலு மில்லிமீட்டர்!

சட்டமும் இருக்கு. ஆர்.சி.யில இருக்கிற விவரம், கம்பெனி கொடுத்ததுக்கு மாறாப் போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சுடுச்சு.

அன்னிக்கு எங்களை மீட்டது, பின்னாடியே மூட்டையோட வந்த ஒரு மலைக்காரர். அவர் ஜீப் துளியும் தூக்காதது. "கல்லை நடுவுல விடாதீங்க தம்பி, சக்கரத்தை அது மேல ஏத்துங்க"ன்னார். சக்கரம் ஏறினா அச்சும் ஏறுமில்ல! நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

டிஸ்கி: நண்பன் இப்ப பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிட்டான் :-)