வீட்டுத் தோட்டக் கையேடுகள்

வீட்டுத் தோட்டக் கையேடு என்பது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்திலோ மொட்டை மாடியிலோ தொட்டிகளிலோ காய்கறி, கீரை, பழம், பூ முதலியவற்றை வளர்ப்போருக்கு வழிகாட்டும் நூலாகும். மண் தயாரிப்பு, விதைப்புக் காலம், நீர் பாய்ச்சல், உரமிடல், கவாத்து, பூச்சி மற்றும் நோய்க் கட்டுப்பாடு, அறுவடை ஆகியவை இத்தகைய நூல்களின் பொதுவான உள்ளடக்கமாகும். ஓர் இடத்திற்கு எழுதப்பட்ட கையேடு மற்றோர் இடத்திற்குப் பொருந்தாமல் போகலாம். ஒரு காலத்திற்கு எழுதப்பட்டது பிற்காலத்தில் தீங்காகவும் முடியலாம். ஆகவே, கையேட்டைத் தெரிவு செய்வது செடியைத் தெரிவு செய்வதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சூழலை முதன்மையாகக் கொண்டு, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சுருளிப்பட்டியை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, இந்நூல்களைத் தெரிவு செய்யும் முறைகளை விளக்குகிறது.

வரலாறு

இந்தியாவில் மர, செடி வளர்ப்பைப் பற்றிய பழைய நூல்களுள் சுரபாலர் வடமொழியில் இயற்றிய விருட்சாயுர்வேதம் குறிப்பிடத்தக்கது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996 இல் ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளையால் வெளியிடப்பட்டது.

குடியேற்றவாதக் காலத்தில், இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியருக்கு அவர்கள் நாட்டுத் தோட்ட நூல்கள் இங்கே பயன்படவில்லை. இக்குறையை நீக்க எழுதப்பட்டவற்றுள் வங்காளத்தில் சமயகுருவாகப் பணியாற்றிய ஃபெர்மிஞ்சர் என்பவரின் கையேடு புகழ் பெற்றது. 1860களில் வங்காளத்தையும் வட இந்தியாவையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட இந்நூல், பின்னர் பலமுறை திருத்தப்பட்டு 20 ஆம் நூற்றாண்டிலும் வெளிவந்தது. இலங்கையின் பேராதனை தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய மக்மிலன் என்பவரின் வெப்பவலயத் தோட்டக்கலை நூல் 1910 இல் வெளியானது. பேராதனை தென்னிந்தியாவை ஒத்த வெப்பவலயத்தில் அமைந்திருப்பதால், தமிழ்நாட்டு வாசகருக்கு ஃபெர்மிஞ்சரின் நூலைவிட இது நெருக்கமானது.

சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835 இல் தொடங்கப்பட்டது. சைதாப்பேட்டையில் 1868 இல் தொடங்கப்பட்ட வேளாண் பள்ளி பின்னர் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்தது. 1971 இல் அதிலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. தமிழில் வெளிவந்த தோட்டக்கலைக் கையேடுகள் பலவற்றின் பரிந்துரைகளுக்கு இப்பல்கலைக்கழகத்தின் ஆய்வு முடிவுகளே அடிப்படையாகும்.

நேசனல் புக் டிரஸ்ட் நிறுவனம் தனது "இந்தியா – நாடும் மக்களும்" வரிசையில், ம. சி. ரந்தாவாவின் பூமரங்கள் பற்றிய நூலை 1965 இலும், பி. சௌத்ரியின் காய்கறிகள் பற்றிய நூலை 1967 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டது. 2007 இல் தொடங்கப்பட்ட பசுமை விகடன் இதழும், கோ. நம்மாழ்வாரின் (1938–2013) எழுத்துகளும் பேச்சுகளும் இயற்கைவழித் தோட்டம் பற்றிய தமிழ் நூல்களுக்குப் பரந்த வாசகர் வட்டத்தை உருவாக்கின.

வகைகள்

வீட்டுத் தோட்டக்காரர் பயன்படுத்தும் நூல்களைப் பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

சாகுபடிக் குறிப்பேடுகள்: வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அரசுத் துறைகளும் வெளியிடுபவை. பயிர்வாரியாக இரகம், பருவம், இடைவெளி, உர அளவு ஆகியவற்றைத் தருகின்றன. இவை உழவருக்காக எழுதப்பட்டவை ஆதலால் அளவுகள் எக்டேர் கணக்கில் இருக்கும்.

பொது அறிமுக நூல்கள்: மண், நீர், ஒளி, விதை என அடிப்படைகளை விளக்குபவை. புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றவை.

தனிப்பயிர் நூல்கள்: முருங்கை, ரோசா, கீரை போன்ற ஒரு பயிரையோ ஒரு பயிர் வகையையோ விரிவாகக் கூறுபவை.

கொள்கை நூல்கள்: மசனோபு ஃபுகோகாவின் "ஒற்றை வைக்கோல் புரட்சி" போன்றவை. இவை ஏன் என்ற கேள்விக்கு விடை தருபவை. எப்போது, எவ்வளவு என்ற கேள்விகளுக்கு இவற்றில் விடை தேடுதல் பொருந்தாது.

தெரிவு செய்வதற்கான அளவுகோல்கள்

இடமும் பருவமும்

நூல் எந்தக் காலநிலைக்காக எழுதப்பட்டது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஐரோப்பிய, அமெரிக்க நூல்கள் உறைபனி முடியும் நாளைக் கொண்டே விதைப்பைக் கணக்கிடுகின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைபனி இல்லை. இங்கு விதைப்பைத் தீர்மானிப்பவை மழையும் கோடை வெப்பமுமே. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி இதனையே குறிக்கிறது. மேலும், "முழு வெயில்" என்று இங்கிலாந்து நூல் கூறுவதும், ஏறத்தாழ 10 பாகை வடக்கு அகலாங்கில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலும் ஒன்றல்ல. ஆசுத்திரேலிய நூல்களில் கதிரவன் வடக்குப் பக்கம் இருப்பதாகக் கொண்டு படுக்கைகள் அமைக்கப்பட்டிருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டிற்குள்ளேயே ஏழு வேளாண் காலநிலை மண்டலங்கள் உள்ளன. காவிரிக் கழிமுகத்திற்கு எழுதப்பட்ட நாட்காட்டி நீலகிரிக்குப் பொருந்தாது. பழைய நூல்களைப் பயன்படுத்துவோர் மாவட்ட எல்லைகளையும் நினைவிற்கொள்ள வேண்டும். தேனி மாவட்டம் 1996 இல் உருவாக்கப்பட்டது. அதற்கு முன் அச்சான நூல்களில் இப்பகுதிக்குரிய குறிப்புகளை மதுரை மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும்.

பதிப்பு ஆண்டு

நூலின் முதற்பதிப்பு ஆண்டையும் கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டையும் பார்ப்பது அவசியம். மறுபதிப்பு என்பது பெரும்பாலும் மறு அச்சு மட்டுமே, உள்ளடக்கம் மாறியிருக்காது. பூச்சிக்கொல்லிப் பரிந்துரைகளைப் பொறுத்தவரை இது உயிர் பற்றிய செய்தியாகும். பழைய கையேடுகள் பலவற்றில் எறும்பு, வண்டு முதலியவற்றுக்கு பி.எச்.சி. தூளும், காய்ப்புழுவுக்கு எண்டோசல்பானும், புழுக்களுக்குக் கார்பரிலும் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் டி.டி.டி. வேளாண்மையில் பயன்படுத்துவது 1989 இலும், பி.எச்.சி. 1997 இலும், எண்டோசல்பான் 2011 இலும் தடை செய்யப்பட்டன. கார்பரில், மெத்தில் பாரத்தியான் உள்ளிட்ட 12 மருந்துகள் 2018 இல் தடை செய்யப்பட்டன. டைகுளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ் உள்ளிட்ட 6 மருந்துகளின் பயன்பாடு 2020 இறுதியுடன் முடிவுக்கு வந்தது. எனவே, 2018 க்கு முன் எழுதப்பட்ட எந்த நூலின் மருந்துப் பட்டியலையும் அப்படியே பின்பற்றுதல் கூடாது. நல்ல கையேடு, மருந்து தெளித்ததற்கும் காய் பறிப்பதற்கும் இடையிலான காத்திருப்புக் காலத்தைக் கட்டாயம் குறிப்பிடும். அது குறிப்பிடப்படாத நூல் வீட்டுத் தோட்டத்திற்கு உகந்ததன்று.

பழமையால் வரும் குறை மருந்தோடு நிற்பதில்லை. பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம் 1 செடிமுருங்கை 1989 இல் வெளியிடப்பட்டது. இது விதை மூலம் பயிரிடப்படுவது. நட்ட ஏறத்தாழ ஆறு மாதங்களில் காய்க்கத் தொடங்கும். அதற்கு முந்தைய நூல்கள், போத்து எனப்படும் கிளைத்துண்டை நட்டு வளர்க்கும் மரமுருங்கையையே விவரிக்கின்றன. செடிமுருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்துக் காய்க்கும் என்ற செய்தி அந்நூல்களில் இருக்க வாய்ப்பில்லை.

அளவுகள்

எக்டேர் கணக்கை வீட்டு அளவிற்கு மாற்றத் தெரிந்திருப்பது பயன் தரும். ஓர் எக்டேர் 10,000 சதுர மீட்டர்; ஒரு செண்டு 435.6 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். எடுத்துக்காட்டாக:

தொழு உரம் எக்டேருக்கு 25 டன் எனில், சதுர மீட்டருக்கு 2.5 கிலோ, செண்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ.

வெண்டை விதை எக்டேருக்கு 8 கிலோ எனில், செண்டுக்கு ஏறத்தாழ 32 கிராம்.

5% வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு, ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பு.

உரப் பரிந்துரையில் கூறப்படுவது சத்தின் எடையா, உரத்தின் எடையா என்பதையும் கவனிக்க வேண்டும். யூரியாவில் 46% மட்டுமே தழைச்சத்து உள்ளது. ஆகவே, 100 கிராம் தழைச்சத்து இட வேண்டுமெனில் ஏறத்தாழ 217 கிராம் யூரியா தேவை. இவ்வேறுபாட்டை விளக்காத நூல்கள் வாசகரைத் தவறான அளவிற்கு இட்டுச் செல்லக்கூடும்.

பெயர்களும் கலைச்சொற்களும்

தாவரவியற் பெயரைத் தரும் நூலே நம்பகமானது. "பூசணி" என்பது சில ஊர்களில் வெண்பூசணியையும் வேறு சில ஊர்களில் பரங்கியையும் குறிக்கிறது. பொன்னாங்கண்ணி எனக் கடையில் கிடைக்கும் சிவப்புச் செடி பெரும்பாலும் சீமைப் பொன்னாங்கண்ணியாகும். நாட்டுப் பொன்னாங்கண்ணி வேறு இனம்.

இலங்கைத் தமிழ் நூல்களும் பயனுள்ளவை. எனினும் அவற்றின் கலைச்சொற்கள் வேறுபடும். தமிழ்நாட்டில் உரம், சாகுபடி, பூச்சிக்கொல்லி, பீன்ஸ், முட்டைக்கோசு எனப்படுபவை அங்கு முறையே பசளை, பயிர்ச்செய்கை, பீடைகொல்லி, போஞ்சி, கோவா என வழங்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை அங்கு நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என எழுதப்படும். பருவங்கள் பெரும்போகம், சிறுபோகம் என்று குறிக்கப்படும்.

இரகப் பெயர்களிலுள்ள முன்னெழுத்துகள் பெரும்பாலும் ஆய்வு நிலையத்தைக் குறிப்பவை. "கோ" கோயம்புத்தூரையும், "பி.கே.எம்" பெரியகுளத்தையும் குறிக்கும். "அர்கா" எனத் தொடங்குபவை பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் இரகங்களாகும். இதனை அறிந்த வாசகர், நூலில் கூறப்படும் இரகம் தம் ஊருக்கு அருகில் உருவானதா என்பதை எளிதில் அறியலாம்.

எடுத்துக்காட்டு: சுருளிப்பட்டியும் திராட்சையும்

சுருளிப்பட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சுருளி அருவிக்கு அருகே அமைந்த ஊராகும். இப்பகுதியில் பந்தல் முறையில் பயிராகும் பன்னீர்த் திராட்சை பெயர் பெற்றது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

குளிர்நாட்டு நூல்களில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் என்றும், அப்போது ஆண்டுக்கொரு முறை கவாத்துச் செய்ய வேண்டும் என்றும் கூறப்பட்டிருக்கும். வட இந்தியாவிலும் ஒரு கவாத்து, ஒரு அறுவடை என்பதே வழக்கம். மகாராட்டிரத்தில் இரு முறை கவாத்துச் செய்து ஒரு முறை அறுவடை செய்கின்றனர். தமிழ்நாட்டிலோ கொடி உறங்குவதில்லை. கவாத்தே அதன் காய்ப்பைத் தூண்டுகிறது. கோடைப் பயிருக்கு திசம்பர்–சனவரியிலும், மழைக்காலப் பயிருக்கு மே–சூனிலும் கவாத்துச் செய்யப்படுகிறது. முறையாகக் கவாத்துச் செய்தால் பன்னீர்த் திராட்சையில் இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடைகள் பெறலாம்.

வீட்டு முற்றத்தில் ஒரு கொடி வைத்திருக்கும் சுருளிப்பட்டி வாசகர் ஒருவர், படங்கள் நிறைந்த வெளிநாட்டு நூலை நம்பி இலையுதிரும் காலத்திற்குக் காத்திருந்தால், கொடி பந்தல் முழுதும் படர்ந்தும் குலைகள் குறைவாகவே இருக்கும். நூலில் பிழை இல்லை. அது வேறோர் இடத்தின் உண்மையைக் கூறுகிறது. இவ்வாசகருக்கு ஊரிலுள்ள திராட்சை உழவரின் அனுபவமும், ஆனைமலையன்பட்டியிலுள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரையும் கூடுதல் பயனுடையவை.

இயற்கைவழி நூல்களும் சோதனையும்

இயற்கைவழி என்று கூறப்படுவதாலேயே ஒரு பரிந்துரை தீங்கற்றதாகிவிடாது. எடுத்துக்காட்டாக, சில நூல்கள் புகையிலைக் கரைசலைப் பூச்சிவிரட்டியாகப் பரிந்துரைக்கின்றன. அதிலுள்ள நிக்கோட்டின் மனிதருக்கும் கடும் நச்சாகும். மேலும், புகையிலையிலிருந்து தேமல் நச்சுயிரி தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குப் பரவும் வாய்ப்பும் உண்டு. நல்ல இயற்கைவழிக் கையேடு, கரைசலின் அளவு, தெளிக்கும் இடைவெளி, எந்தப் பூச்சிக்கு, எதற்குப் பயன்படாது ஆகியவற்றைக் கூறும். எல்லா நோய்க்கும் ஒரே கரைசல் என்று கூறும் நூல்களை எச்சரிக்கையுடன் அணுகுதல் நன்று.

நூலை வாங்குமுன் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். வாசகர் தாம் ஏற்கனவே நன்கு வளர்த்த ஒரு செடியைப் பற்றிய பகுதியை முதலில் படிக்க வேண்டும். தெரிந்த செடியைப் பற்றிச் சரியாகக் கூறும் நூலை, தெரியாத செடிக்கும் ஓரளவு நம்பலாம்.

கிடைக்கும் இடங்கள்

பொது நூலகங்கள்: தூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் தோட்டக்கலை நூல்கள் 635 என்ற எண்ணிலும், பழப்பயிர்கள் 634 இலும், பயிர்ப் பாதுகாப்பு 632 இலும் வைக்கப்பட்டிருக்கும். விலை கொடுத்து வாங்குமுன் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பல்கலைக்கழக வெளியீடுகள்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூல்களும், அதன் தமிழ் வேளாண் இணையத்தளமும் பயிர்வாரியான செய்திகளைத் தருகின்றன.

உள்ளூர் நிறுவனங்கள்: தேனி மாவட்டத்தினருக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும், காமாட்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் அருகில் உள்ளன.

குறைபாடுகள்

தமிழ்க் கையேடுகள் பலவற்றில் பொருளடைவு இல்லை. இலையில் புள்ளி கண்ட ஒருவர் அதற்குரிய பக்கத்தைக் கண்டறிய நூல் முழுவதையும் புரட்ட வேண்டியுள்ளது. நோய் அறிகுறிகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் வேறுபடுத்தி அறிவது கடினம். ஆசிரியர் தாமே செய்து பார்த்ததா, பிற நூலிலிருந்து எடுத்ததா என்பதும் பெரும்பாலும் தெரிவிக்கப்படுவதில்லை. இக்குறைகளை ஈடுசெய்ய, விதைத்த நாள், மழை பெய்த நாள், பூச்சி தோன்றிய நாள், அறுவடை எடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது சிறந்த வழியாகும். சில ஆண்டுகளில் அக்குறிப்பேடே அவ்விடத்திற்கு மிகப் பொருத்தமான கையேடாக அமையும்.

இவற்றையும் பார்க்க

மாடித் தோட்டம்
கம்பம் பள்ளத்தாக்கு
செடிமுருங்கை
இயற்கை வேளாண்மை
தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்