அயர்லாந்திடம் வங்கம் கற்ற இரண்டு பாடங்கள்

கொல்கத்தாவின் அலிப்பூர் பகுதியில், மாநிலக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு இயங்கிவரும் கட்டடத்தின் பெயர் பவானி பவன். ஆங்கிலேயர் காலத்தில் அதன் பெயர் ஆண்டர்சன் ஹவுஸ். 1932 முதல் 1937 வரை வங்க ஆளுநராக இருந்த சர் ஜான் ஆண்டர்சனின் நினைவாக அப்பெயர் இடப்பட்டிருந்தது. 1934 மே 8 அன்று டார்ஜிலிங்கை அடுத்த லெபோங் குதிரைப் பந்தயத் திடலில் அவர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தித் தூக்கிலிடப்பட்ட இளைஞர் பவானி பட்டாச்சார்யா. விடுதலைக்குப் பின் ஆளுநரின் பெயர் நீக்கப்பட்டு, அவரைச் சுட்டவரின் பெயர் அக்கட்டடத்துக்குச் சூட்டப்பட்டது. பெயர் புரட்சியாளருடையது, உள்ளே நடைபெறும் பணி அரசின் புலனாய்வு.

அயர்லாந்துக்கும் வங்கத்துக்கும் இடையிலான உறவைப் புரிந்துகொள்ள இந்த முரண் ஒரு திறவுகோல். 1916 முதல் 1922 வரை அயர்லாந்தில் நிகழ்ந்தவற்றைக் கல்கத்தாவில் இரு தரப்பினர் கூர்ந்து பயின்றனர். ஒரு தரப்பு புரட்சியாளர்கள். மறு தரப்பு அவர்களை ஒடுக்க முயன்ற ஆட்சியாளர்கள். முதல் தரப்பு கற்ற பாடம் இன்று சாலைகளின் பெயர்களாகவும் மெட்ரோ ரயில் நிலையங்களின் பெயர்களாகவும் நிற்கிறது. இரண்டாம் தரப்பு கற்ற பாடம் சட்டத்தில் தங்கிவிட்டது. வரலாற்று நூல்கள் முதலாவதை விரிவாகப் பேசுகின்றன. இன்றைய அரசியலை அதிகம் பாதிப்பதோ இரண்டாவது.

புரட்சியாளர்களின் பாடம்

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள் அன்று டப்ளினின் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றிய ஐரிஷ் கிளர்ச்சியாளர்கள் ஒரு வாரத்துக்குள் தோற்கடிக்கப்பட்டனர். தொடக்கத்தில் டப்ளின் மக்களிடையே அவர்களுக்குப் பெரிய ஆதரவு இருக்கவில்லை. தலைவர்கள் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டபோதுதான் மக்களின் மனம் மாறியது. இராணுவத் தோல்வி அரசியல் வெற்றியாக மாறக்கூடும் என்பதே அந்நிகழ்வு உலகின் அடிமை நாடுகளுக்குக் கொடுத்த செய்தி.

சிட்டகாங்கில் சூரியா சென் தலைமையில் இயங்கிய குழு இச்செய்தியை நேரடியாக ஏற்றது. ஐரிஷ் குடியரசுப் படையின் பெயரை ஒட்டியே 'இந்தியக் குடியரசுப் படை, சிட்டகாங் கிளை' என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. ஐரிஷ் கெரில்லாப் போராளி டான் பிரீன் 1924இல் வெளியிட்ட தன்வரலாறு அக்குழுவினரிடையே வாசிக்கப்பட்டது. அவர்கள் காவல்துறையின் ஆயுதக் கிடங்கையும் துணைப்படையின் கிடங்கையும் தாக்கிய 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. தொலைபேசி, தந்தித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. துப்பாக்கிகள் கிடைத்தும் அவற்றுக்குரிய தோட்டாக்கள் கிடைக்கவில்லை. ஏப்ரல் 22 அன்று ஜலாலாபாத் குன்றில் நடந்த மோதலில் இளைஞர்கள் பலர் உயிரிழந்தனர். சூரியா சென் 1934 ஜனவரி 12 அன்று தூக்கிலிடப்பட்டார். ஈஸ்டர் எழுச்சியைப் போலவே இதுவும் இராணுவ நோக்கில் தோல்வி. நினைவின் தளத்தில் நிலைத்த வெற்றி.

இரண்டாவது படிப்பினை உண்ணாநோன்பு. கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள்கள் உண்ணாதிருந்து 1920 அக்டோபர் 25 அன்று இறந்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், லாகூர் சதி வழக்கில் சிறைப்பட்டிருந்த கல்கத்தா இளைஞர் ஜதீந்திரநாத் தாஸ், அரசியல் கைதிகளுக்கு உரிய மதிப்பைக் கோரி 63 நாள்கள் உண்ணாதிருந்து 1929 செப்டம்பர் 13 அன்று உயிர் நீத்தார். மக்ஸ்வினியின் குடும்பத்திடமிருந்து இரங்கல் தந்தி வந்தது. லாகூரிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்ட உடலுக்குக் கல்கத்தா திரண்டு அஞ்சலி செலுத்தியது. காந்தியின் உண்ணாநோன்பு எதிராளியின் மனச்சான்றை நோக்கியது. ஜதீன் தாஸின் உண்ணாநோன்பு சிறைக்குள் கைதியின் தகுதி என்ன என்ற சட்டக் கேள்வியை எழுப்பியது. இரண்டையும் ஒரே மரபாகக் கருதுவது பொருந்தாது.

மூன்றாவது படிப்பினை அதிகம் பேசப்படாதது. ஆயினும் தேர்தல் அரசியலில் நீண்ட தடம் பதித்தது. 1917 மே மாதம் தெற்கு லாங்ஃபோர்ட் இடைத்தேர்தலில் சின் ஃபெயின் கட்சி, சிறையிலிருந்த ஜோசஃப் மக்கின்னஸை வேட்பாளராக நிறுத்தி 37 வாக்குகளில் வென்றது. கைதியை விடுவிக்க அவரைத் தேர்ந்தெடுங்கள் என்பதே அதன் முழக்கம். 1926இல் பர்மாவின் மாண்டலே சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த சுபாஷ் சந்திர போஸ், இதே உத்தியைப் பின்பற்றி வடக்கு கல்கத்தாவிலிருந்து வங்கச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அரசு அவரை விடுவிக்கவில்லை. உடல்நலம் சீர்கெட்ட பின் 1927 மே மாதத்தில்தான் அவர் வெளிவந்தார். 1936 பிப்ரவரியில் அவர் டப்ளின் சென்று டி வலேராவைச் சந்தித்ததற்குப் பின்புலமாக இத்தகைய பத்தாண்டுப் பயிற்சி இருந்தது.

இந்த உத்தி இரு நாடுகளிலும் மறையவில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில் சிறைப்பட்ட ஜார்ஜ் பெர்னாண்டஸ் 1977இல் சிறையிலிருந்தே முசாபர்பூரில் வென்றார். 1981 ஏப்ரலில் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாநோன்பிருந்த பாபி சாண்ட்ஸ் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த மாதமே இறந்தார். அவ்வெற்றியே சின் ஃபெயின் கட்சியை முழுமையான தேர்தல் பாதைக்குத் திருப்பியது. 2024 பிப்ரவரியில் அக்கட்சியின் மிஷேல் ஓநீல் வட அயர்லாந்தின் முதலமைச்சரானதன் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்று அந்தச் சிறைத் தேர்தல்.

ஆட்சியாளர்களின் பாடம்

புரட்சியாளர்கள் அயர்லாந்தை நூல்கள் வழியே அறிந்தனர். ஆட்சியாளர்கள் பலர் அங்கிருந்தே வந்தனர். 1923 முதல் 1931 வரை கல்கத்தாவின் காவல் ஆணையராக இருந்த சார்லஸ் டெகார்ட் டெரி நகரில் பிறந்தவர். உளவாளிகளைக் கொண்டு புரட்சிக் குழுக்களை உள்ளிருந்தே அறியும் முறையில் பெயர் பெற்றவர். 1924 ஜனவரி 12 அன்று கோபிநாத் சாஹா, டெகார்ட் என்று எண்ணி எர்னஸ்ட் டே என்ற வேறொருவரைச் சுட்டார். 1930 ஆகஸ்டில் டல்ஹௌசி சதுக்கத்தில் வீசப்பட்ட குண்டிலிருந்தும் டெகார்ட் தப்பினார். 1937இல் அரபுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆலோசகராகப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கு எழுந்த காவற்கோட்டைகள் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஒரு குடியேற்ற நாட்டில் சேர்த்த அனுபவம் மற்றொன்றுக்குப் பெயர்ந்ததற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர். ஆனால் 1920 முதல் 1922 வரை, ஐரிஷ் போரின் உச்சத்தில், டப்ளின் கோட்டை நிர்வாகத்தின் உயர் அதிகாரிகளுள் ஒருவராக இருந்தார். வங்க ஆளுநர் பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அவ்வனுபவமும் காரணம். அவர் காலத்தில் சிட்டகாங் பகுதியில் இராணுவம் நிறுத்தப்பட்டது. இந்து இளைஞர்கள் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டியதாயிற்று. கூட்டு அபராதங்கள் விதிக்கப்பட்டன. அதேவேளையில் வேலையற்ற படித்த இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, கிராமக் கடன் சீரமைப்பு ஆகியவற்றிலும் அவர் ஆட்சி அக்கறை காட்டியது. ஒடுக்குதலும் சீர்திருத்தமும் இணைந்து செல்ல வேண்டும் என்பதே அவரது அணுகுமுறை.

இவ்வணுகுமுறையின் அச்சாணி விசாரணையற்ற காவல். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இதனை அயர்லாந்திலிருந்து இறக்குமதியான ஒன்றாக மட்டும் காண்பது பிழையாகும். 1818ஆம் ஆண்டின் வங்க மூன்றாம் ஒழுங்குமுறையே விசாரணையின்றி 'அரசுக் கைதிகளை' அடைக்க வழிவகுத்திருந்தது. அயர்லாந்தில் 1881இல் பார்னெல் போன்ற தலைவர்கள் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டனர். முதல் உலகப் போரின்போது பிரித்தானியப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி 1915இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. போருக்குப் பின்னும் அவ்வதிகாரங்களைத் தொடரப் பரிந்துரைத்த ரௌலட் குழு, பெரிதும் வங்கப் புரட்சி இயக்கத்தையே ஆராய்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி. வி. குமாரசுவாமி சாஸ்திரி அதன் உறுப்பினர்களுள் ஒருவர். தொடர்ந்து 1924இன் வங்க அவசரச் சட்டமும், 1930, 1932ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் வந்தன. சட்டம் ஒரு திசையில் மட்டும் பயணம் செய்யவில்லை. பேரரசின் இரு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துத் தத்தம் கருவிகளைக் கூர்தீட்டிக்கொண்டன.

விசாரணையற்ற கைதிகளுக்காகப் பக்ஸா கோட்டையிலும் ஹிஜ்லியிலும் முகாம்கள் எழுந்தன. 1931 செப்டம்பர் 16 அன்று ஹிஜ்லி முகாமில் காவலர்கள் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா ஆகிய இரு கைதிகள் இறந்தனர். கல்கத்தாவில் நடந்த கண்டனக் கூட்டத்தில் நோயுற்ற நிலையிலும் தாகூர் உரையாற்றினார். 1951இல் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கரக்பூரில் தொடங்கப்பட்டது அதே முகாம் கட்டடத்தில்தான். பக்ஸா கோட்டையின் கதை வேறு: விடுதலை பெற்ற இந்தியாவில் அங்கு மீண்டும் விசாரணையற்ற கைதிகள் அடைக்கப்பட்டனர். இம்முறை அவர்கள் கம்யூனிஸ்டுகள்.

இரு எல்லைகள்

அயர்லாந்தின் மூன்றாவது மரபு பிரிவினை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்தின் ஆறு மாவட்டங்களைப் பிரித்து வட அயர்லாந்தை உருவாக்கியது. எல்லையைச் சீர்செய்ய அமைந்த ஆணையத்தின் அறிக்கை 1925இல் கிடப்பில் போடப்பட்டது. 1947 ஆகஸ்ட் 17 அன்று வெளியான ராட்கிளிஃப் தீர்ப்பு வங்கத்தை இரண்டாக்கியது. கல்கத்தாவைத் தன் ஊராக்கிக்கொண்ட சகோதரி நிவேதிதை பிறந்த டங்கானனும், கல்கத்தாவைக் காவல் செய்த டெகார்ட் பிறந்த டெரியும் இன்று வட அயர்லாந்தில் உள்ளன. சூரியா சென் தூக்கிலிடப்பட்ட சிட்டகாங் வங்கதேசத்தில் உள்ளது. 'மாஸ்டர்தா சூரியா சென்' என்ற மெட்ரோ நிலையம் கொல்கத்தாவில் உள்ளது.

இவ்விணையை வெறும் தற்செயலாகக் கடந்துவிட இயலாது. ஐரிஷ் தேசியம் தன் கத்தோலிக்க அடித்தளத்தைக் கடந்து அல்ஸ்டரின் புராட்டஸ்டண்ட் மக்களை ஈர்க்கத் தவறியது. வங்கப் புரட்சி இயக்கம் பெரும்பாலும் படித்த உயர்சாதி இந்து இளைஞர்களின் இயக்கமாகவே இருந்தது. காளி வழிபாடும் கீதை மீதான உறுதிமொழியும் கிழக்கு வங்க முஸ்லிம் உழவர்களை அதிலிருந்து விலக்கி நிறுத்தின. அயர்லாந்திடம் தியாகத்தைக் கற்றவர்கள், அந்நாட்டின் பிளவு விடுத்த எச்சரிக்கையைக் கற்கவில்லை. பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரிஷ் எல்லை மீண்டும் அரசியலின் மையத்துக்கு வந்ததும், மேற்கு வங்கத் தேர்தல்களில் ஊடுருவல், குடியுரிமை ஆகிய சொற்கள் ஓயாது ஒலிப்பதும் அவ்வரைகோடுகளின் நீட்சியே.

அரசியலமைப்பில் இரண்டு அயர்லாந்துகள்

1947இன் பிற்பகுதியில் அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் டப்ளின் சென்று டி வலேராவைச் சந்தித்தார். 1937ஆம் ஆண்டின் ஐரிஷ் அரசியலமைப்பைப் பின்பற்றி, இந்திய அரசியலமைப்பின் நான்காம் பகுதியில் அரசுக் கொள்கையின் வழிகாட்டு நெறிகள் இடம்பெற்றன. வாழ்வூதியம், கல்வி, சமத்துவம் ஆகியவற்றை அரசின் கடமையாக்கும் இந்நெறிகளை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றக் கோர இயலாது என 37ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

அதே ஆவணத்தின் மூன்றாம் பகுதியில், அடிப்படை உரிமைகளின் நடுவில், 22ஆம் பிரிவு அமைந்துள்ளது. அது போர்க்காலம், அமைதிக்காலம் என்ற வேறுபாடின்றித் தடுப்புக்காவல் சட்டங்களை அனுமதிக்கிறது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஒரு மாதத்தில், 1950 பிப்ரவரியில் தடுப்புக்காவல் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் சென்னை மாகாணத்தில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950 மே 19 அன்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, ஒரு பிரிவை மட்டும் நீக்கி, அச்சட்டத்தை ஏற்றது. விடுதலை பெற்ற அயர்லாந்திடமிருந்து எடுத்தது நீதிமன்றத்தில் செல்லாத நெறியாயிற்று. பேரரசு அயர்லாந்திலும் வங்கத்திலும் பழகிய கருவி செல்லுபடியாகும் அதிகாரமாயிற்று.

பின்னர் வந்தவை அனைவரும் அறிந்தவையே. 1970இல் நக்சல்பாரி இயக்கத்தை எதிர்கொள்ள மேற்கு வங்கத்தில் வன்முறைச் செயல்கள் தடுப்புச் சட்டம், 1971இல் மிசா, 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம், 1982இல் தமிழ்நாட்டில், நாளிதழ்கள் 'குண்டர் சட்டம்' என்று சுருக்கிச் சொல்லும் பதினான்காம் எண் சட்டம். புரட்சியாளர்களுக்கு எதிராகப் பிறந்த ஒரு நடைமுறை, மணல் கடத்தலுக்கும் கள்ளச்சாராயத்துக்கும் உரிய அன்றாட நிர்வாகக் கருவியாகிவிட்டது. ஓராண்டு வரை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் ஆணை இன்று மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு சிறு பத்தியாக முடிந்துவிடுகிறது.

மிசா வந்த அதே 1971இன் ஆகஸ்டில் வட அயர்லாந்தில் விசாரணையற்ற காவல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதை எதிர்த்து 1972 ஜனவரி 30 அன்று டெரியில் நடந்த ஊர்வலத்தில் பிரித்தானியப் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். அடக்குவதற்காக எடுத்த நடவடிக்கை ஆயுதக் குழுக்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது என்பதை உணர்ந்து, 1975 இறுதியில் அது கைவிடப்பட்டது. மூன்று பதிற்றாண்டு மோதல் 1998 ஏப்ரல் 10, மற்றொரு புனித வெள்ளியன்று, உடன்படிக்கையில் முடிந்தது.

அயர்லாந்திலிருந்து கற்றுக்கொள்ள இந்தியாவுக்கு எஞ்சியிருக்கும் பாடம் இதுவே. ஜதீன் தாஸுக்குப் பூங்காவும் மெட்ரோ நிலையமும் பெயரளவில் மரியாதை செய்கின்றன. அவர் உயிர் கொடுத்து எழுப்பிய கேள்வி, சிறைப்பட்டவருக்கு அரசின்மீது என்ன உரிமை உண்டு என்பது. விசாரணையின்றி அடைக்கப்பட்ட ஒவ்வொருவர் விஷயத்திலும் அக்கேள்வி இன்னும் பதிலின்றி நிற்கிறது.