கொடையா? கூலியா?

உண்டாயிற்று. கை துடைத்தாயிற்று. பில் வருகிறது. உணவுக்கு விலை, அதன்மேல் வரி, கூட்டுத்தொகை எல்லாம் அச்சாகி இருக்கின்றன. அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் வெறுமையாக இருக்கிறது. அங்கே என்ன தொகை எழுதுவது என்று விருந்தினர் எண்ணிப் பார்க்கிறார். பத்து விழுக்காடா, பதினைந்தா, இருபதா? சற்றுத் தொலைவில், வேறொரு மேசையைத் துடைப்பவர் போல நின்றுகொண்டு, ஓரக்கண்ணால் அந்தப் பேனாவைப் பார்க்கிறார் பரிமாறியவர். அவருடைய வீட்டு வாடகை அந்தப் பேனா முனையிலே தொங்குகிறது!

அமெரிக்க உணவு விடுதிகளிலே நாள் தவறாமல் நடக்கும் காட்சி இது. நம் ஊரில் சர்வருக்கு விழும் டிப்ஸ், பெரும்பாலும் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் சில்லறை. அங்கோ, பல மாநிலங்களில், அந்தச் சில்லறைதான் சம்பளம்! கூட்டரசின் சட்டப்படி, இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தன் பையிலிருந்து கொடுத்தாக வேண்டிய குறைந்த கூலி, மணிக்கு 2 டாலர் 13 சென்ட். மற்றத் தொழிலாளருக்கு 7 டாலர் 25 சென்ட். இடையிலே உள்ள 5 டாலர் 12 சென்ட்டை யார் கொடுப்பது? உண்ண வந்தவர் கொடுக்க வேண்டும்!

“நல்ல பணிக்கு நாலு காசு கொடுத்தால் என்ன குற்றம்?” என்று கேட்பர். குற்றமே இல்லை. மனம் மகிழ்ந்து கொடுப்பவர் கையை நாம் பிடித்து இழுக்கவில்லை. கொடுக்கும் கையைப் புகழுமுன், கொடுக்க வேண்டிய கை ஏன் மடங்கியே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அதைப் பார்க்கப் போனால், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு நம் முன் வந்து நிற்கிறது.

முதலில் அந்தச் சொல். ‘டிப்’ என்பது மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்தது என்றும், விரைந்து பணி செய்யப் பெட்டியில் காசு போட்ட நாளில் பிறந்தது என்றும் கதை கட்டுவோர் உண்டு. வெறும் கதை! 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருடர்களின் குழூஉக்குறியில் ‘கொடு’ என்ற பொருளில் வழங்கிய சொல் அது. பிறப்பிடம் அவ்வளவு பெருமைக்குரியதன்று.

வழக்கமும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சீமான் மாளிகையில் விருந்துண்டு திரும்புபவர், வாயிற்படி வரை வரிசையாக நிற்கும் ஏவலர் கையில் ஆளுக்கொரு காசு வைத்தாக வேண்டும். ‘வெய்ல்ஸ்’ என்று அதற்குப் பெயர். அழைத்தவர் சீமான், அவருடைய ஆட்களுக்குக் கூலி கொடுத்தவர் விருந்தாளி! 1760 வாக்கில் ஸ்காட்லாந்துக் கனவான்கள் இதை நிறுத்த உறுதி பூண்டனர். லண்டனில் ஜோனஸ் ஹான்வே என்பவர் கண்டித்து எழுதினார். 1764இல், லண்டன் ரானலா பூங்காவிலே ஏவலர் கலகம் செய்தனர். பேராசைக்காரர்கள் என்று ஏசினர் பெரிய மனிதர்கள். காசு போவது உறுதி. சம்பளம் உயர்வது உறுதியா? அதைச் சொல்லாமல் காசை மட்டும் நிறுத்தினால், ஏவலன் கைகட்டி நிற்பானா!

கடல் கடந்து இந்த வழக்கம் அமெரிக்கா சென்றது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய செல்வர்கள், அங்கே கற்ற நாகரிகங்களிலே ஒன்றாக இதையும் கொண்டு வந்தனர். தொடக்கத்தில் அந்நாட்டு மக்கள் பலர் முகம் சுளித்தனர். மன்னனும் பிரபுவும் வேண்டாம் என்று தனி நாடு கண்டவர்களுக்கு, பிரபு எறியும் காசு மட்டும் எதற்கு என்று கேட்டனர். கேட்டவர்களின் வாயை அடைத்தது எது? இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பு மக்கள் விடுதலை பெற்றனர். விலங்கு போயிற்று, ஆனால், வயிறு இருந்ததே! உழுத நிலம் ஆண்டானிடமே இருந்தது. வேலை தேடி நகரங்களுக்கு வந்தவர்களுக்குத் திறந்த கதவுகள் சில. ஓட்டலில் பரிமாறலாம், மூட்டை தூக்கலாம், இரயிலில் படுக்கை விரிக்கலாம். வேலை உண்டு, சம்பளம்? சொற்பம் கொடுத்தவர் உண்டு; ஒன்றுமே கொடுக்காதவரும் உண்டு. “வருகிறவர்கள் கொடுப்பார்கள், பிழைத்துக்கொள்!” என்றனர். நேற்றுவரை சவுக்கைக் காட்டி வேலை வாங்கிய சமுதாயம், இன்று சில்லறையைக் காட்டி வேலை வாங்கிற்று.

1902இல் வெள்ளை இதழாளர் ஒருவர் மனத்தில் இருப்பதை மறைக்காமல் எழுதினார். கறுப்பர் கையில் இனாம் வைப்பது தமக்கு இயல்பாகத் தோன்றுகிறதாம், அது அவர்களுடைய தாழ்வுக்கு அடையாளமாம். வெள்ளையர் கையில் வைக்க நேரும்போதுதான் கூசுகிறதாம்! அவருக்கு நாம் நன்றி கூற வேண்டும். நாகரிகப் போர்வை போர்த்தாமல், இனாம் என்பது தட்டின் ஓரத்தில் வைக்கும் காசு மட்டுமன்று, ‘நீ எனக்குக் கீழே’ என்று சொல்லாமற் சொல்லும் சொல் என்று ஒப்புக்கொண்டு விட்டாரல்லவா?

இந்த ஏற்பாட்டைப் பெருந்தொழிலாக்கியவர் ஜார்ஜ் புல்மன். 1867இல் அவர் தொடங்கிய நிறுவனம், இரயிலில் படுக்கை வண்டிகளை ஓட்டிற்று. பட்டுத் திரை, பளபளக்கும் விளக்கு, மெத்தை! அந்த மெத்தையை விரிக்கவும், பெட்டி தூக்கவும், இரவெல்லாம் விழித்திருந்து பயணிகளின் காலணிகளைத் துடைத்து மெருகிடவும் கறுப்பு மக்களையே தேடிப் பிடித்து அமர்த்தினார். போர்ட்டர் என்பது பதவியின் பெயர். பயணிகள் அழைத்ததோ, “ஜார்ஜ்!” பெற்றவர் இட்ட பெயர் எதுவாயினும், வண்டி ஏறிவிட்டால் அவர் ஜார்ஜ்தான். முதலாளியின் பெயர் அது! அடிமையை ஆண்டான் பெயரால் அழைத்த காலத்தின் எச்சில் அது.

இதிலே ஒரு வேடிக்கை. ஜார்ஜ் என்று பெயர் கொண்ட வெள்ளைக் கனவான்கள் சிலர், போர்ட்டர்களை அப்படி அழைப்பதைத் தடுக்க 1914இல் ஒரு சங்கமே கண்டனர். பாதி கேலியாகத் தொடங்கிய சங்கம். பெயரை இழந்தவனுக்காக அல்ல, பெயரின் மானத்தைக் காக்க!

வேடிக்கை போதும், வேதனைக்கு வருவோம். 1897இல் புல்மன் இறந்தபின், நிறுவனத்தின் தலைமை யார் கைக்கு வந்தது தெரியுமா? ராபர்ட் டாட் லிங்கன் கைக்கு! ஆம், அடிமை விலங்கை ஒடித்த ஆபிரகாம் லிங்கனின் மகன்! 1915இல், கூட்டரசு அமைத்த தொழில் உறவு விசாரணைக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். போர்ட்டருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? 27 டாலர் 50 சென்ட். மீதியைப் பயணிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பதே நிறுவனத்தின் கணக்கு. தந்தை விடுவித்த மக்களின் கூலியை, மகன் வழிப்போக்கரின் இரக்கத்துக்கு விட்டுவைத்தார்.

அந்தச் சம்பளத்துக்கு வேலை எவ்வளவு? மாதம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல். வண்டி புறப்படுமுன் படுக்கைகளைச் சீர் செய்யும் நேரம் கணக்கில் சேராது. காலணிக்குத் தடவும் மெருகெண்ணெய்கூடப் போர்ட்டரின் சொந்தக் காசு! இரவிலே மூன்று மணி நேரம் கண்ணயர்ந்தால் பெரிது. இத்தனைக்கும் முகத்திலே புன்னகை வாடக்கூடாது. வாடினால் காசு குறையும்.

இனாமை ஒழிக்க அந்நாட்டில் யாருமே முயலவில்லை என்று நாம் கூறவில்லை. வாஷிங்டன் மாநிலம் 1909இல் இனாமைத் தடை செய்து சட்டம் இயற்றிற்று. மிசிசிப்பி, அர்க்கன்சா, ஐயோவா, தென் கரோலினா, டென்னசி மாநிலங்கள் 1915க்குள் பின்தொடர்ந்தன. 1916இல் வில்லியம் ஸ்காட் என்பவர், ‘அரிக்கும் உள்ளங்கை’ என்று பொருள்படும் தலைப்பில், இந்த வழக்கம் மக்களாட்சிக்கே பகை என்று ஒரு நூல் எழுதினார். பத்தாண்டு கழிந்தது, 1926க்குள் அத்தனைச் சட்டங்களும் நீக்கப்பட்டன. காரணம் விளங்காத ஒன்றன்று. காசு வாங்காதே என்றது சட்டம். இவ்வளவு கூலி கொடு என்று முதலாளிக்குச் சொல்லவில்லை. ரானலாப் பூங்காவின் கதையேதான்.

சரியான இடத்தில் கை வைத்தவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். 1925 ஆகஸ்ட் 25ஆம் நாள், நியூயார்க்கின் ஹார்லெமில், படுக்கை வண்டிப் போர்ட்டர் சகோதரத்துவச் சங்கம் தோன்றிற்று. ராண்டால்ஃப் போர்ட்டர் அல்லர், பத்திரிகையாளர். அதனாலேயே போர்ட்டர்கள் அவரைத் தலைவராக்கினர். நிறுவனத்தில் வேலை இல்லாதவரை நிறுவனம் எப்படி வேலையை விட்டு நீக்கும்?

நீக்கக் கூடியவர்களை நீக்கிற்று. ஒற்றர்களை ஏவிற்று. சங்கத்தில் சேர்ந்தவர் பலர் பிழைப்பிழந்தனர். 1927இல் சங்கம், மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் கதவைத் தட்டிற்று. கூலியைக் குறைத்து இனாமை நம்பி வாழச் செய்யும் இந்த முறையை விசாரியுங்கள் என்றது. இனாம் பெறுகிறவர்களே, இனாமை விசாரியுங்கள் என்று கேட்டார்கள்! கூடுதல் காசு கிடைக்கிறதே என்று அவர்கள் மகிழவில்லை. எங்கள் உழைப்புக்கு விலை உண்டு, அதை எங்களை அமர்த்தியவர் தரவேண்டும் என்றனர். தன்மானம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? 1928இல், இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று ஆணையம் கை விரித்தது.

பின்னர் வந்தது பெரும் பொருளாதார வீழ்ச்சி. சங்கத்தின் பட்டியல் சுருங்கிற்று. ஆயினும் அறுந்துவிடவில்லை. 1937 ஆகஸ்ட் 25ஆம் நாள், சங்கம் பிறந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டு முடிந்த அதே நாளில், புல்மன் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 400 மணி 240 மணியாயிற்று. கூலி உயர்வு மொத்தம் 12,50,000 டாலர். பயணிகள் பிறகும் காசு கொடுத்தனர். போர்ட்டர்கள் பிறகும் பெற்றனர். ஆனால் அது அன்று முதல் மேலே விழும் காசு. அடியிலே கூலி என்னும் தரை இருந்தது.

இரயிலிலே போட்ட தரை, ஓட்டலுக்கு வந்ததா? வரவில்லை! 1938இல் ரூஸ்வெல்ட் ஆட்சி குறைந்த கூலிச் சட்டம் கொண்டுவந்தது. மணிக்கு 25 சென்ட். பண்ணையாட்களும், வீட்டு வேலைக்காரரும், உணவு விடுதித் தொழிலாளரும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். கறுப்பு மக்களும் பெண்களும் பெருந்தொகையாக உழைத்த தொழில்கள் இவை என்பதைத் தனியே எழுதிக் காட்ட வேண்டியதில்லை. 1942இல் உச்ச நீதிமன்றம், இரயில் நிலையச் சுமை தூக்கிகள் பெறும் இனாமையே குறைந்த கூலியாகக் கணக்குக் காட்டலாம் என்று தீர்ப்பளித்தது. அவர் பையில் விழுந்த காசே அவருக்கு முதலாளி தந்த கூலியாயிற்று!

1966இல்தான் உணவு விடுதித் தொழிலாளருக்குச் சட்டத்தின் கதவு திறந்தது. அதுவும் பாதிக் கதவு. குறைந்த கூலியில் பாதி வரை இனாமைக் கொண்டு ஈடு செய்யலாம் என்று முதலாளிக்குச் சலுகை தரப்பட்டது. 1991இல் குறைந்த கூலி 4 டாலர் 25 சென்ட். அதில் பாதி 2 டாலர் 13 சென்ட். 1996இல் குறைந்த கூலி உயர்ந்தபோது, அந்தப் ‘பாதி’ என்ற கயிற்றையும் அறுத்துவிட்டனர். மற்றவர் கூலி ஏறிற்று. பரிமாறுவோர் கூலி 2 டாலர் 13 சென்ட்டிலேயே நின்றுவிட்டது.

இனாம் குறைந்தால் மீதியை முதலாளியே நிரப்ப வேண்டும் என்று சட்டத்தில் எழுதித்தான் இருக்கிறது. 2010க்கும் 2012க்கும் இடையே அந்நாட்டுத் தொழில்துறை ஏறத்தாழ 9,000 உணவு விடுதிகளை ஆராய்ந்தது. 84 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு கூலிச் சட்டம் மீறப்பட்டிருந்தது.

“போகட்டும், நன்றாகப் பரிமாறுபவனுக்கு நிறைய, சோம்பேறிக்குக் குறைவு! இது நியாயந்தானே?” என்பர் சிலர். கேட்க இனிமையான வாதம். கார்னெல் பல்கலைக் கழகத்தின் மைக்கேல் லின், இனாம் பற்றியே பல்லாண்டு ஆராய்ந்தவர். பணியின் தரத்துக்கும் இனாமின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிந்தது என்று கண்டார். பில் தொகை பெரிதானால் இனாம் பெரிதாகிறது, அவ்வளவே. 2008இல் அவரும் மற்றவரும் வெளியிட்ட ஆய்வு, தென்பகுதி உணவு விடுதி ஒன்றில் கறுப்புப் பரிமாறுபவருக்கு வெள்ளையரைவிடக் குறைந்த இனாமே கிடைத்ததென்று காட்டிற்று. கறுப்பு வாடிக்கையாளரும் அப்படியே செய்தனர்! தராசு கோணல் என்றால், நிறுக்கிறவர் நல்லவராயிருந்து என்ன பயன்? ஆறிய உணவு அடுப்படியில் பிறந்த குற்றம். தண்டம் கட்டுபவர் அதைத் தூக்கி வந்தவர்.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். பெரிய விடுதிகளில் பரிமாறுவோர் சிலர், இந்த முறை மாறவே கூடாது என்கின்றனர். வெள்ளி, சனி இரவுகளில் அவர்களுக்கு விழும் காசு எந்தச் சட்டக் கூலியையும் விஞ்சும். அவர்கள் அச்சம் பொய்யன்று. ரானலா ஏவலரின் அதே அச்சம். ஆனால், கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, அலாஸ்கா, மினசோட்டா, மொன்டானா ஆகிய 7 மாநிலங்களிலே முழுக் கூலியும் உண்டு, அதற்கு மேல் இனாமும் உண்டு. அங்கெல்லாம் அடுப்பு அணைந்துவிட்டதா? விருந்தினர் கை மடங்கிவிட்டதா?

அந்நாட்டுத் தலைநகரில், லிங்கனின் பெருஞ்சிலை அமர்ந்திருக்கும் வாஷிங்டனில், 2018 ஜூன் மாதம் இந்தக் கேள்வியை மக்கள் முன் வைத்தனர். பரிமாறுவோருக்கும் முழுக் கூலி வேண்டும் என்று மக்கள் வாக்களித்தனர். நான்கே மாதத்தில் நகர மன்றம் அதைத் தள்ளிற்று. 2022இல் மக்கள் மீண்டும் வாக்களித்தனர், முன்னிலும் பெருவாரியாக. 2025இல் மன்றம் மீண்டும் அதில் கத்தி வைத்தது.