மெய்ம்மறை: தோல் முதல் பீங்கான் வரை

திருமழபாடிக் கோயிலைக் கண்டு திரும்புகையில் திருமானூரில் இருட்டிவிட்டது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஊர் அது; பாலத்தைக் கடந்தால் திருவையாற்று வழி, அப்பால் தஞ்சை. பாலத்தின் முனையில் இரண்டு காவலர்கள் மணல் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக் கொண்டிருந்தனர். கையில் லத்தியும் விளக்கும். உடலில் காக்கிச் சட்டை மட்டுமே. “இவர்களுக்கு மெய்ம்மறை எது?” என்று எம்முடன் வந்த நண்பர் கேட்டார். அந்தக் கேள்வியின் பின்னே சென்றதன் பயனே இக்கட்டுரை.

மெய்யை மறைப்பது மெய்ம்மறை. கவசத்துக்குத் தமிழ் தந்த பழம்பெயர் இது. பதிற்றுப்பத்தில் இச்சொல் சேர மன்னனுக்கே அடைமொழியாகிறது. வீரர்களுக்கு முன்னே நின்று தாக்குதலைத் தாங்குவதால் அவர்களின் கவசம் அரசனே என்பது அதன் கருத்து. புறநானூற்றின் 13ஆம் பாட்டில் முடமோசியார் காட்டும் சோழன் கோப்பெருநற்கிள்ளி யானைமேல் வருகிறான். அவன் அணிந்திருப்பது அம்பு பட்டுச் சிதைந்த புலித்தோல் கவசம். காலாளுக்குக் கிடைத்தது கேடயமே. கேடயத்துக்குத் ‘தோல்’ என்றே ஒரு பெயர் இருந்ததிலிருந்து அது எதனால் ஆனது என்று உணரலாம்.

தோலுக்குப் பின் இரும்பு வந்தது. இரும்பைத் துப்பாக்கி வென்றது. ஆற்றுக்கு அக்கரையில் தஞ்சை மராட்டியரின் படைக்கலக் கொட்டில் இருந்தது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்தபின் ஆங்கிலேயர் அதைக் கைக்கொண்டனர். பின்னர் படைக்கலங்களில் தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. இரும்புக் கவசத்தின் காலம் முடிந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கவசத்தை மீட்டு வந்தது குயவரின் சூளைக்கு உறவான பொருள் என்பதுதான் வியப்பு. எஃகின்மேல் மெல்லிய எனாமல் பூச்சு இருந்தால் அது குண்டை மேலும் நன்றாகத் தாங்குகிறது என்று 1918இலேயே கண்டனர். வியட்நாம் போரில், 1960களில், அமெரிக்க ஹெலிகாப்டர் ஓட்டிகள் பீங்கான் தகடுகளை மார்பில் அணிந்தனர். உடையும் பொருள் எப்படிக் காக்கும்? அது உடைவதாலேயே காக்கிறது. குண்டைவிடக் கடினமான பீங்கானில் மோதும்போது குண்டின் முனை மழுங்கிச் சிதறுகிறது; பீங்கானும் நொறுங்கி, அடியின் வேகத்தைப் பரந்த இடத்துக்குப் பிரித்துவிடுகிறது. சிதறல்களைப் பின்னால் உள்ள இழை அடுக்கு பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை அடிபட்ட இடம் இரண்டாம் குண்டைத் தாங்குவது அரிது. கீழே விழுந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே எடுத்தும் பார்க்கின்றனர்.

இத்தகடுகள் பெரும்பாலும் மூன்று பொருள்களில் அமைகின்றன. அலுமினா மலிவானது, நீரைப்போல் 3.9 மடங்கு கனம். களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சேர்த்துச் சுட்டு, 1891இல் அச்சிசன் கண்ட சிலிக்கான் கார்பைடு 3.2 மடங்கு. போரான் கார்பைடு 2.5 மடங்குதான், ஆனால் அதை உருவாக்க ஏறத்தாழ 2,000 பாகை வெப்பமும் அழுத்தமும் வேண்டும், விலையும் மிகுதி. எஃகு 7.8 மடங்கு. ஆக, மலிவான தகட்டை அணிபவர் விலையின் மிச்சத்தைத் தம் தோளில் சுமக்கிறார். அரியலூர் வெயிலில் அந்தச் சுமை சிறிதன்று. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு இழை உடுப்பே போதும். ரைபிள் குண்டுக்கே பீங்கான் வேண்டும். எவருக்கு எது தேவை என்று பிரித்தறிவதே சிக்கனத்தின் முதற்படி.

இதே ஆற்றின் மேற்புறத்தில், திருச்சியில், 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. ஆவடியின் படை உடுப்புத் தொழிற்சாலையில் குண்டு துளைக்காத உடுப்புகள் தைக்கப்படுகின்றன. குண்டும் கவசமும் தமிழகத்திலேயே பிறக்கின்றன.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் ஹேமந்த் கர்கரே உள்ளிட்ட காவல் அதிகாரிகள் கொல்லப்பட்டபோது, காவலர்களின் கவசத் தரம் பற்றிய கேள்வி நாடெங்கும் எழுந்தது. ஆயினும் இந்தியாவுக்கென ஒரு தரநிர்ணயம், ஐ.எஸ். 17051, வெளிவர 2018 ஆயிற்று. அதே ஆண்டு ராணுவத்துக்காக 1.86 லட்சம் உடுப்புகளுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வகுத்துப் பார்த்தால் ஓர் உடுப்புக்கு ஏறக்குறைய 34,000 ரூபாய். 2024இல் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் அறிவித்த ‘அபேத்’ உடுப்பின் குறைந்தபட்ச எடை 8.2 கிலோ.

எடையும் விலையும் குறைந்துகொண்டே வரும். ஆனால் கவசத்தின் வரலாறு முழுவதும் ஒன்றையே காட்டுகிறது: புதியது முதலில் யானைமேல் இருப்பவருக்கு, பாலத்தின் முனையில் நிற்பவருக்குக் கடைசியில். பதிற்றுப்பத்துப் புலவர் இதைத் தலைகீழாக்கி, அரசனையே வீரர்களின் மெய்ம்மறை ஆக்கினார். அதைப் புகழ்மொழி என்று எண்ணியே இதுவரை படித்துவந்தோம். அன்றிரவு கொள்ளிடத்தைக் கடந்தபோது, அது அரசுக்கு வைத்த கோரிக்கையாகவும் எமக்குத் தோன்றியது.